மச்சு ஒழுகினால் முதலில் சுவரைத் தொடாதீர்கள்

சூலூர் பக்கம் எங்கள் அப்பாரு கட்டிய வீடு. ஐப்பசி மழையில் மச்சு (மொட்டை மாடி) ஒழுகி, சாமி அறைச் சுவர் ஊறி, பெயின்ட் அப்பளம் மாதிரி எழும்பிவிட்டது. தங்கச்சி மகளுக்குச் சீர் வைத்திருந்த நேரம். "சொந்தபந்தமெல்லாம் வர்றாங்க, சுவத்தைப் பாரு சாமி" என்று அம்மா ஒரே நச்சரிப்பு. அவசரமாகச் சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தேன். இருபதாம் நாள் பட்டியோடு உரிந்தது. தடவினால் கையில் வெள்ளை மாவு. இரண்டாவது தடவை ஒழுங்காகச் செய்த முறை இது.

1. தண்ணீர் நுழையும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்பித்தான் நான் ஏமாந்தேன். மச்சில் பதித்த தட்டோட்டுக்கு அடியில் புகுந்த தண்ணீர் நேராக இறங்காது. தளத்தின் மேலேயே வாட்டம் பார்த்து நகர்ந்து, கிடைத்த விரிசலில் இறங்கும். எங்கள் வீட்டில் கறை ஒரு மூலையில், ஓட்டை ஆறடி தள்ளி மழைத்தண்ணி பைப்பின் வாயில்.

மச்சை வயல் மாதிரி களிமண் வரப்பு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரியுங்கள். பைப்பைத் துணியால் அடைத்து, ஒவ்வொரு நாளும் ஒரு பாத்தியில் மட்டும் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்திக் கீழே பாருங்கள். அதற்கு மேல் வேண்டாம்; ஓர் அங்குலமே சதுர மீட்டருக்கு 25 கிலோ கனம். சீலிங் பெயர்ந்து கம்பி தெரிகிற வீட்டில் இந்தச் சோதனையே கூடாது, இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அப்புறம், ஊறிய சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால் மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டு மற்ற வேலை.

2. மேலே அடைப்பது

விரிசலை உளியால் 'வி' வடிவில் அரை அங்குலம் அகட்டி, தூசியை ஊதி, நனைத்து, எஸ்பிஆர் லேடெக்ஸ் (பால் மாதிரி இருக்கும் செயற்கை ரப்பர் திரவம்) கலந்த சிமென்ட் சாந்தால் அடையுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைச் சாந்தால் வளைவாக்கிவிடுங்கள். பல வீடுகள் அங்கேதான் ஒழுகும்.

பிறகு சிமென்டும் அக்ரிலிக் திரவமும் கலக்கிற இரண்டு பாகப் பூச்சு, நடுவில் கண்ணாடி நார் வலை வைத்து இரண்டு கோட். முதல் கோட் தெற்கு வடக்காக என்றால் இரண்டாவது கிழக்கு மேற்காக. வெள்ளை நிறக் கூலிங் பெயின்டை மட்டும் அடித்துவிட்டு வாட்டர்ப்ரூஃப் என்று சொல்கிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு பாகப் பூச்சை உச்சி வெயிலில் அடிக்காதீர்கள், வெடிக்கும். சாயங்காலம் நல்லது.

3. சுவரைக் காய விடுங்கள்

நான் கோட்டை விட்டது இங்கேதான். ஊறிய பூச்சை, கறைக்கு ஓரடி தள்ளி வரை, செங்கல் தெரியக் கொத்தி எடுங்கள். தட்டினால் உள்ளே காலியாக இருப்பது போலச் சத்தம் வருகிற இடமெல்லாம் போகட்டும். செங்கலில் வெள்ளை மாவாகப் பூத்திருக்கும் உப்பைக் கம்பி பிரஷால் உலர்வாகவே தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். முதல் தடவை நான் ஹோஸ் பிடித்துக் கழுவினேன். உப்பு கரைந்து திரும்பச் செங்கலுக்குள்ளேயே போய், காய்ந்ததும் மறுபடி வெளியே வந்தது.

ஒன்பது அங்குலச் சுவர் காய மாதக்கணக்கில் ஆகும். மேலே தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். ஓரடிக்கு ஓரடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் இன்னும் ஈரம். எங்கள் சுவர் மூன்று தடவை என்னைத் திருப்பி அனுப்பியது. கார்த்திகையில் கொத்தினேன், பங்குனியில்தான் தாள் காய்ந்தே வந்தது. அதுவரை சாமிப் படங்கள் ஹாலில், அம்மா என்னிடம் பாதிப் பேச்சு.

4. பூச்சு, பட்டி, பெயின்ட்

ஒரு பங்கு சிமென்டுக்கு நாலு பங்கு பி-சாண்ட் (பூச்சு வேலைக்கான மணல்), அரை அங்குலக் கனம், ஏழு நாள் நனைப்பு. போர் உப்புத் தண்ணியில் சாந்து கலக்காதீர்கள். உப்பை நாமே காசு கொடுத்து உள்ளே வைப்பது போல. குழாயில் வரும் ஆத்துத் தண்ணியைக் குடத்தில் பிடித்து வையுங்கள், நனைக்கவும் அதுவே. ஒரு மாதம் விட்டு பட்டி, பிரைமர், பெயின்ட்.

பின்சேர்க்கை: படித்துவிட்டு ஒருவர் கேட்டார்: மச்செல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை ஊறுகிறது, என்ன செய்ய? அது அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிற ஓதம். மேலே எவ்வளவு அடைத்தாலும் நிற்காது. சுவரை ஒட்டிய செடிப்பாத்தி, குளியலறைத் தண்ணீர் போகும் சாக்கடை இரண்டையும் முதலில் பாருங்கள்.

இன்னொருவர் வீடு சுண்ணாம்புக் காரை பூசிய பழைய ஓட்டு வீடு. அங்கே சிமென்ட் பூசாதீர்கள். சுவர் மூச்சு விட முடியாமல் ஈரம் உள்ளேயே தங்கும். காரை வேலை தெரிந்த வயசான கொத்தனார் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.