ஈ.எம்.டி.ஆர். சிகிச்சை கிடைக்காமல் இழுத்தடித்தது எங்கே என்றால்

நான் இருப்பது கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை. பைக் விபத்துக்குப் பிறகு கெட்ட கனவு, லாரி ஹாரன் கேட்டாலே உடம்பு உதறல். அரசு மருத்துவமனை மாத்திரையில் தூக்கம் வந்தது, உதறல் போகவில்லை. ஈ.எம்.டி.ஆர். (கண்களை இடவலமாக அசைக்கவைத்து, அதிர்ச்சி நினைவுகளின் பாதிப்பைக் குறைக்கும் உளவியல் சிகிச்சை) கேட்டால் "இங்கே இல்லை". திருவனந்தபுரத்தில் "ரெஃபரல் லெட்டர் உண்டா?" அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் தமிழிலேயே பொறுமையாகப் பேசினார்கள், ஆனால் நேரில் உட்கார்ந்து செய்யும் சிகிச்சைக்கு அது மாற்றில்லை.

சிக்கல் ஓ.பி. சீட்டில் இருந்தது. நோய் என்ற இடத்தில் 'தூக்கமின்மை' மட்டும். அந்தச் சீட்டைப் பார்க்கும் யாருக்கும் இது ட்ராமா (மன அதிர்ச்சியின் பாதிப்பு) என்றே தெரியாது.

அடுத்த ஓ.பி.யில் ஒரு தாளை நீட்டினேன்: விபத்துத் தேதி, எதைக் கேட்டால் உதறுகிறது, எந்த ரோட்டைத் தவிர்க்கிறேன், ஒரு மாதம் தாண்டியும் தொடர்கிறது. டாக்டர் படித்துவிட்டு 'பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய்), ட்ராமா சார்ந்த உளவியல் சிகிச்சை தேவை' என்று எழுதி, சீல் வைத்தார். அதன்பின் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது. அப்பாடா என்றிருந்தது.

உளவியலாளரிடம் இரண்டைத் தனித்தனியாகக் கேளுங்கள்: ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண், ஈ.எம்.டி.ஆர். பயிற்சி. முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருக்கும் என்றில்லை. ஒரு அமர்வு 60 முதல் 90 நிமிடம்; ஓ.பி. நெரிசலில் நடக்காது, தனி நேரம் வாங்குங்கள். ஈ.எம்.டி.ஆர். அமையாவிட்டால் ட்ராமா சார்ந்த சி.பி.டி. (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் பேச்சுச் சிகிச்சை) கேட்கலாம், உலக சுகாதார நிறுவனம் 2013இல் இரண்டையுமே பரிந்துரைத்தது.

பழைய சீட்டு தொலைந்திருந்தால், மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 25ஐக் குறிப்பிட்டு மருத்துவப் பதிவுகளை எழுத்தில் கேளுங்கள்.