சூப்பர்டிரெண்ட் பச்சையானதும் புதியவர்கள் செய்யும் தவறுகள்

சந்தை நன்றாக விழுந்து மெல்ல எழும்போதெல்லாம் எனக்கு ஒரே மாதிரி ஸ்கிரீன்ஷாட் வரும். நிஃப்டி வாரச் சார்ட், விலை இறக்கத்தில் இருந்தால் சிவப்பும் ஏற்றத்தில் இருந்தால் பச்சையும் காட்டும் சூப்பர்டிரெண்ட் கோடு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியிருக்கும், கீழே "வாங்கிட்டேன் அண்ணா" என்று ஒரு வரி. அனுப்பிய கிழமையைப் பார்த்தால் செவ்வாயோ புதனோ. எங்கள் செட்டில் எல்லோரும் ஆரம்பத்தில் செய்ததுதான். இன்னும் தொடர்வதைப் பார்த்தால் மனது கேட்கவில்லை.

ஸ்டாப்லாஸ் போடு, கடன் வாங்கிப் போடாதே என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அதை விட்டுவிடுகிறேன்.

முடியாத கேண்டிலை நம்புவது

சூப்பர்டிரெண்ட் கணக்கு எளிதுதான். கேண்டில் என்பது ஒரு நாளின் அல்லது வாரத்தின் விலை நகர்வைக் காட்டும் பட்டை. அதன் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் நடுப்புள்ளியை எடுத்து, அதிலிருந்து சராசரி ஏற்ற இறக்கத்தைப் போல மூன்று மடங்கு தள்ளி ஒரு கோடு போடுகிறது. முடிவு விலை அந்தக் கோட்டைத் தாண்டினால் நிறம் மாறும். வாரச் சார்ட்டில் முடிவு விலை வெள்ளிக்கிழமை சந்தை முடிந்த பிறகுதான் தெரியும். அதுவரை மென்பொருள் அந்த நொடியில் ஓடும் விலையையே முடிவு விலையாக வைத்துக்கொள்ளும். புதனன்று விலை கோட்டுக்கு மேலே நின்றால் பச்சை, வியாழனன்று இறங்கினால் மறுபடி சிவப்பு. புதனன்று பச்சையாக இருந்ததற்குச் சார்ட்டில் தடயமே இருக்காது.

ஒரு வாரத்துக்குள் கேண்டில் எப்படி ஆடும் என்பதற்கு 2024 ஜூன் முதல் வாரத்தைப் பாருங்கள். கருத்துக்கணிப்புகளை நம்பி திங்களன்று நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,263-ல் முடிந்தது. தேர்தல் முடிவு வந்த செவ்வாயன்று கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்து 21,884. வெள்ளியன்று 23,290. இன்றைக்கு வாரச் சார்ட்டைத் திறந்தால் கீழே நீளமான வாலோடு ஒரே ஒரு கேண்டில். செவ்வாய்க்கிழமை பட்ட பாடெல்லாம் அந்த வாலுக்குள் அடங்கிவிட்டது.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். "பத்து வருஷம் பின்னாடி போய்ப் பார்த்தேன், பச்சையானப்பெல்லாம் நல்லா ஏறியிருக்கு" என்பார்கள். பழைய சார்ட்டில் இருப்பதெல்லாம் முடிந்த கேண்டில்கள். நடுவாரத்தில் தோன்றி மறைந்த பச்சைகள் அந்தக் கணக்கிலேயே இல்லை. வெள்ளி முடிவை வைத்துச் சோதித்துவிட்டு, புதன் விலையில் வாங்குகிறார்கள். சோதித்தது ஒன்று, செய்வது வேறு.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி புதனன்று அலர்ட் வந்ததும் வாங்கினார். வெள்ளி மாலை கோடு சிவப்பு. பதறிப்போய் திங்களன்று நஷ்டத்தில் விற்றார். அந்த வாரக் கடைசியில் கேண்டில் நிஜமாகவே பச்சையில் முடிந்தபோது அவருக்குக் கை வரவில்லை. ஏற்றம் முழுவதையும் வெளியே நின்று பார்த்தார். முதல் நஷ்டம் சின்னது, இரண்டாவதுதான் பெரியது.

சரிசெய்வது இரண்டு நிமிட வேலை. சார்ட் பார்க்கும் தளமான டிரேடிங்வியூவில் அலர்ட் போடும்போது 'ஒன்ஸ் பர் பார் குளோஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் 'ஒன்ஸ் பர் பார்' என்றால் கேண்டில் ஓடும்போதே அடித்துவிடும். தினச் சார்ட்டின் மேல் வாரக் கோட்டைப் போட்டிருந்தால் செட்டிங்ஸில் 'வெயிட் ஃபார் டைம்ஃபிரேம் குளோசஸ்' பெட்டியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் இன்னொன்று: 3:30-க்குத் திரையில் நிற்கும் கடைசி விலையும் எக்ஸ்சேஞ்ச் அறிவிக்கும் முடிவு விலையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கோட்டை ஒட்டி விலை நிற்கும் நாளில் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

தாமதம் என்று பதறுவது

வெள்ளி வரை பொறுத்தால் ஏற்றம் போய்விடும் என்று பயம். முந்திக்கொள்வதற்குக் காரணமே இந்தப் பயம்தான். 2020 மார்ச் 24 அன்று நிஃப்டி 7,511 வரை போனது. ஏற்ற இறக்கம் பெரிதாக இருந்ததால் கோடும் விலையை விட்டு வெகுதூரம் தள்ளி நின்றது. எந்த வாரச் சிக்னலும் அந்த அடிவிலையில் வந்திருக்க முடியாது. ஆனால் வருடக் கடைசியில் நிஃப்டி 14,000-ஐ நெருங்கியிருந்தது. உண்மையான ஏற்றம் என்றால் வெள்ளி வரை காத்திருந்தவருக்கும் அதில் பங்கு இருக்கும்.

அளவுகளை மாற்றிக்கொண்டே இருப்பது

சூப்பர்டிரெண்டின் வழக்கமான அளவுகள் 10, 3: சராசரிக்கு எடுக்கும் கேண்டில்கள் 10, மடங்கு 3. தொடாதீர்கள்.

அலர்ட் வந்ததும் மொத்தப் பணத்தையும் இறக்குவது

பிரித்துப் போடுங்கள்.

மூன்று பச்சை என்றால் மூன்று சாட்சி என்று நினைப்பது

சூப்பர்டிரெண்ட், எம்ஏசிடி (இரண்டு சராசரிகளின் இடைவெளியைக் காட்டுவது), மூவிங் ஆவரேஜ் (நகரும் சராசரி) மூன்றும் ஒரே விலையைத்தான் வெவ்வேறு விதமாகக் கணக்குப் போடுகின்றன. மூன்றும் சேர்ந்து பச்சையாவதில் பெரிய அதிசயம் இல்லை. உறுதிப்படுத்த வேண்டுமானால் வேறு தகவல் வேண்டும். நிஃப்டியின் 50 பங்குகளில் எத்தனை தங்கள் 200 நாள் சராசரிக்கு மேலே இருக்கின்றன, அந்த எண்ணிக்கை வாராவாரம் கூடுகிறதா என்று பாருங்கள். நாலைந்து பெரிய வங்கிப் பங்குகள் மட்டும் இழுத்துக்கொண்டு போனாலும் குறியீட்டில் கோடு பச்சையாகிவிடும். அப்படிப்பட்ட வாரத்தில் நான் புதிதாக எதையும் வாங்குவதில்லை.