இருட்டான வரிசை வீட்டுக்கு வெளிச்சம்

கொழும்பில் பழைய வரிசை வீடு வாங்குபவர்கள் நேரே டைல்ஸ் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். அதற்கு முன், நடுப்பகலில் எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள். எங்கே சுவிட்சைத் தேடிக் கை போகிறதோ, காசை முதலில் அங்கே போடுங்கள்.

வெள்ளவத்தையில் பெரும்பாலான லேன்கள் காலி வீதியிலிருந்து கடலை நோக்கிப் போகின்றன. அதனால் வீடுகள் வடக்கோ தெற்கோ பார்த்து நிற்கும். கிழக்கு, மேற்கு வெயிலைப் பக்கத்து வீடுகள் தாங்கிக்கொள்ளும். ஆனால் நடுவீடு இருட்டுத்தான். எங்கள் சாப்பாட்டறையில் காலைப் புட்டுக்கே லைட் போட வேண்டியிருந்தது.

அதற்கு மருந்து கூரையில்தான். சாப்பாட்டறைக்கு மேலே நாலடிச் சதுரமாகத் திறந்தோம். "அக்கா, முழுக்கக் கண்ணாடி போட்டு மூடுவம்" என்றார் மேசன் பாஸ். நான் விடவில்லை. கொழும்பில் நடுப்பகல் சூரியன் உச்சியை விட்டு அதிகம் விலகாது. ஏப்ரலிலும் செப்டெம்பரிலும் நேர் உச்சிக்கே வரும். மூடிய கண்ணாடியின் கீழே அறை அடுப்புத்தான். கூரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி, நாலு பக்கமும் மரச்சட்டம் சரித்து அடித்து, உள்ளே நுளம்புவலை. சூடு மேலே போய்விடும், மழைச்சாரல் உள்ளே வராது. பகத்தலை வீதியில் 33ஆவது லேனில், கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா நாலு சிறு வீடுகளை இணைத்துக் கட்டிய வீட்டை முன்பதிவு செய்து பார்க்கலாம். சின்ன முற்றம் ஒரு வீட்டை எப்படி மாற்றுகிறது என்பதை அங்கே பாஸையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால் வாளால் அறுக்க விடாதீர்கள். தூசு நுரையீரலுக்குக் கேடு. நன்றாக நனைத்து, ஆணியைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும். பொதுச்சுவரில் கை வைக்காதீர்கள். கூரை, சுவர் மாற்றங்களுக்கு மாநகர சபையில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

தெற்கு யன்னலுக்கு 2 அடி சன்சேட் போட்டால், டிசம்பர் நடுப்பகலிலும் மூன்றரை அடி வரை நிழல் விழும். வடக்கிலும் வேண்டும், ஆனி, ஆடியில் வெயில் அந்தப் பக்கம். கடல் பக்கம் என்றால் இரும்புக் கிரில் வேண்டாம், உப்புக்காற்று தின்றுவிடும்.

சுவருக்கு வெள்ளை. பழைய சிவப்புச் சீமெந்துத் தரையை உடைக்காமல் மெழுகு போட்டு மினுக்குங்கள், டைல்ஸ் காசு மிச்சம். சோபாவுக்குப் பதில் சுவரோடு சீமெந்துத் திண்ணை, அதன் கீழே பிள்ளைகளின் சாமான். சாமியறையை மட்டும் குறைக்க எங்கள் மாமி சம்மதிக்கவில்லை, சரி என்று விட்டேன்.

கரண்ட் பில்லுக்கு முதலில் சீலிங் பான்களைப் பாருங்கள். பழைய பான் 75 வாட், பிரஷ் இல்லாத மோட்டர் வைத்த பிஎல்டிசி பான் 30 வாட் அளவில். நாலு பான் தினமும் 10 மணித்தியாலம் ஓடினால் மாதம் 90 யூனிட் 36 ஆகக் குறையும். யூனிட் கூடக் கூட விலைப்படியும் ஏறும் நாட்டில் இது பெரிய காசு. சோலரைக் கடைசியில் யோசியுங்கள். குறைந்த பில்லை வைத்துக் கணக்குப் பார்த்தால் சின்னத் தொகுதியே போதும். கூரை மரம் பாரம் தாங்குமா என்று முன்கூட்டியே பாஸிடம் கேட்டுவிடுங்கள்.