வீட்டில் செய்த சப்வூஃபர்: செங்கல் சுவருக்குள் பாஸைச் சீர்படுத்துவது எப்படி

தாழ்ந்த ஓசையை (பாஸை) மட்டும் தரும் ஸ்பீக்கரான சப்வூஃபரைச் சொந்தமாகச் செய்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: சத்தம் வருகிறது, பாஸ் வரவில்லை. படத்தில் எது வெடித்தாலும், எந்த வண்டி ஓடினாலும், எல்லாம் ஒரே சுருதியில் ‘பூம்’ என்று வீங்கும். சோபாவின் ஒரு மூலையில் காது அடைக்கும், நடுவில் உட்கார்ந்தால் ஒன்றுமே இருக்காது. உடனே பெட்டியிலுள்ள 12 அங்குல டிரைவரை (கூம்பு ஸ்பீக்கரை) கழற்றி 15 அங்குலம் போடத் தோன்றும், 300 வாட் ஆம்பை (ஆம்ப்ளிஃபையரை) 1000 ஆக்கத் தோன்றும். அந்தப் பணத்தை எடுத்து வையுங்கள். முதலில் பெட்டியைப் பாருங்கள். பிறகு அது நிற்கும் இடம், பிறகு முன் ஸ்பீக்கர்களோடு அது சேரும் நேரம், கடைசியில்தான் ஒவ்வொரு சுருதியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர். வரிசை மாறினால் முன்னால் நடந்த தவற்றை மூடி மறைப்பதிலேயே வேலை முடிந்துவிடும்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகள் பல அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. அங்கே சுவர் என்பது மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. தாழ்ந்த பாஸில் ஒரு பங்கு அதை ஆட்டிவிட்டு வெளியே போய்விடும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நம் வீடுகள் செங்கல், சிமெண்டுப் பூச்சு, கான்கிரீட் தளம், அதன்மேல் டைல்ஸ். பாஸ் உள்ளேயே அடைபடுவதால் அளவு கூடுதலாகவே கிடைக்கும். ஆனால் அறையின் சொந்தச் சுருதிகள், அதாவது சுவர்களுக்கிடையே எதிரொலித்து வீங்கும் சில ஓசைகள், அதிகமாக எழும்பும், அடங்கவும் நேரமாகும்.

கசிவு: ஊதுபத்திச் சோதனை

பெட்டியில் காற்று கசிந்தால் மற்ற எந்த வேலையும் பயன் தராது. 40 ஹெர்ட்ஸ் ஓசையை மிதமான அளவில் ஓடவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி மூட்டுகளின் ஓரமாக மெதுவாகக் கொண்டுபோங்கள். காத்தாடியும் ஏர்கானும் நின்றிருக்க வேண்டும். நூல்போல நேராக ஏறும் புகை, கசிவுள்ள இடத்தில் வெட்டி வெட்டி இழுபடும். காற்று போய்வரும் குழாய் வைத்த பெட்டியானால் சோதிக்கும்வரை குழாய் வாயைத் துண்டால் அடைத்துக்கொள்ளுங்கள். அதிகம் அகப்படுவது மூட்டில் அல்ல, பின்பக்கம் ஒயர் மாட்டும் பிளாஸ்டிக் கிண்ணத்தில்தான். அடுத்தது டிரைவரின் வளையம். இரண்டுக்கும் அடியில் 3 மில்லிமீட்டர் பஞ்சு டேப் ஒட்டி, திருகாணிகளை எதிரெதிராக இறுக்குங்கள்.

உள்மூட்டுகளைச் சிலிக்கோனால் அடைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காடி வாடை அடிக்கும் வகை உலரும்போது அமில ஆவி விடும், உலோகத்தை அரிக்கும். வாடை முழுக்கப் போகும்வரை டிரைவரைப் பூட்ட வேண்டாம்.

பிறகு நான்கு பக்கமும் முட்டியால் தட்டிப் பாருங்கள். ‘டொக்’ என்றால் சரி. ‘டம்’ என்று இழுத்தால் அந்தப் பலகை தானும் பாடுகிறது என்று பொருள், உள்ளே ஒரு குறுக்குச் சட்டம் தேவை. 18 மில்லிமீட்டர் பலகையில் 20, 25 செண்டிமீட்டருக்கு மேல் தாங்கலில்லாத பரப்பு இருக்கக் கூடாது. எம்டிஎஃப் பலகை நம் ஈரக்காற்றில் வெட்டிய ஓரங்களில் ஊறிப் பருக்கும், ஆகவே ஓரங்களுக்குத் தண்ணீர் கலந்த மரப்பசையை இரண்டு கோட்டு பூசி, உலர்ந்தபின் வார்னிஷ் அடியுங்கள். பினாங்கில் கடலோரமாக இருப்பவர்கள் திருகாணியைத் துருப்பிடிக்காத எஃகிலேயே வாங்குவது நல்லது.

மூடிய பெட்டியா, குழாய்ப் பெட்டியா?

இதை டிரைவர் மட்டும் முடிவு செய்வதில்லை. அறைக்கும் பங்கு உண்டு. கதவைச் சாத்திய சிறிய அறையில், அறையின் மிகத் தாழ்ந்த சுருதிக்குக் கீழே பாஸ் தானாகவே ஏறத் தொடங்கும். மூடிய பெட்டியோ அதே பகுதியில் மெல்ல இறங்கிக்கொண்டு வரும். ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து ஏறக்குறைய சமமாகிவிடும். ஆகவே மாடியில் படுக்கையறையைத் தியேட்டராக்கியவர்களுக்கு மூடிய பெட்டிதான் பொருத்தம் என்பது என் திடமான கருத்து. தெரஸ் வீட்டின் கீழ் ஹாலில் கதை வேறு. சாப்பாட்டு இடம், சமையற்கட்டு, மாடிப்படி என்று எல்லாம் திறந்து கிடப்பதால் அந்த ஏற்றம் கிடைக்காது. அங்கே குழாய்ப் பெட்டி வேண்டும்.

மூடிய பெட்டிக்குள் பாலியஸ்டர் பஞ்சு நிரப்பினால் பெட்டி சற்றுப் பெரியதுபோல நடந்துகொள்ளும். 50 லிட்டருக்கு 500 கிராம் போதும், அமுக்கித் திணிக்கக் கூடாது. பழைய தலையணையின் இலவம் பஞ்சு வேண்டாம். ஈரம் பிடித்துக் கட்டியாகி, பூச்சியும் சேரும்.

குழாய்ப் பெட்டியில் சுருதி, அதாவது குழாயின் காற்று ஓங்கி அடிக்கும் ஹெர்ட்ஸ், தவறுவதுதான் அடிக்கடி நடப்பது. கணக்கு இப்படி: குழாயின் உள்விட்டத்தைச் செண்டிமீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்தி 23,562 ஆல் பெருக்குங்கள். அதை, வேண்டிய ஹெர்ட்ஸின் வர்க்கமும் பெட்டியின் நிகர லிட்டரும் பெருக்கி வரும் எண்ணால் வகுங்கள். கிடைத்ததிலிருந்து விட்டத்தின் 0.73 மடங்கைக் கழித்தால் நீளம். 85 லிட்டர், 25 ஹெர்ட்ஸ், 10 செண்டிமீட்டர் குழாய் என்றால் 44.3-இலிருந்து 7.3 போக 37 செண்டிமீட்டர். நிகர லிட்டர் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டிரைவர், குழாய், குறுக்குச் சட்டங்கள் எல்லாம் இடம் பிடிக்கும். 12 அங்குல டிரைவருக்கு இவை சேர்ந்து 11, 12 லிட்டர் வரும் என்பதால், உள்ளளவு 40 × 40 × 60.5 செண்டிமீட்டர் வைத்தால் கணக்கு நேராகும்.

ஹார்ட்வேர் கடையில் ‘4 அங்குலம்’ என்று தரும் பிவிசி குழாயின் உள்விட்டம் தடிப்பைப் பொறுத்து மாறும், அளவுகோல் வைத்துப் பார்த்தபின் கணக்குப் போடுங்கள். 2, 3 செண்டிமீட்டர் கூடுதலாகவே வெட்டுங்கள். அறுத்துக் குறைக்கலாம், ஒட்டிக் கூட்டுவது தொல்லை. குழாயின் உள்வாய்க்கும் எதிர்ப்பலகைக்கும் இடையே குறைந்தது 10 செண்டிமீட்டர் விடுங்கள். பெரிய சத்தத்தில் குழாய் ‘புஸ் புஸ்’ என்றால் காற்று நெரிபடுகிறது. இரண்டு முனைகளின் விளிம்பையும் உருட்டிவிட்டால் ஓரளவு குறையும். குழாயைப் பெரிதாக்கலாம், ஆனால் இதே பெட்டிக்கு 15 செண்டிமீட்டர் விட்டம் என்றால் நீளம் 89 செண்டிமீட்டராகிவிடும், உள்ளே வளைத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

செய்து முடித்த பெட்டியின் உண்மையான சுருதியைக் கண்ணாலேயே காணலாம். கூம்பின் நடுக்குமிழில் ஒரு சிறு வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டி, குறைந்த சத்தத்தில் 20, 22, 24, 26, 28 ஹெர்ட்ஸ் என ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். புள்ளி ஒரு கோடாக நீளும். எந்த எண்ணில் அந்தக் கோடு சுருங்கி மறுபடி புள்ளியாகிறதோ, குழாயில் கை வைத்தால் காற்று ஓங்கி அடிக்கிறதோ, அதுவே சுருதி.

அந்தச் சுருதிக்குக் கீழே கூம்பைப் பிடித்து நிறுத்தப் பெட்டியில் எதுவும் இல்லை. படத்தில் 15 ஹெர்ட்ஸ் வந்தால் டிரைவரின் காயில் (கம்பிச்சுருள்) பின்தட்டில் மோதி ‘டக் டக்’ என்று அடிக்கும், அதைத் தாங்கும் ஸ்பைடர் துணி கிழியும். 25 ஹெர்ட்ஸ் பெட்டிக்கு 20 ஹெர்ட்ஸில், அதற்குக் கீழுள்ள ஓசையை ஆக்டேவுக்கு 24 டெசிபல் வீதம் குறைக்கும் ஹைபாஸ் வடிகட்டி கட்டாயம் போடுங்கள்.

எங்கே வைப்பது

4.2 மீட்டர் நீளம், 3.4 அகலம், 2.9 உயரமுள்ள அறையை எடுத்துக்கொள்வோம். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் ஓடும். அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அறையின் சொந்தச் சுருதி ஒன்று வரும்: 41 ஹெர்ட்ஸ். அகலத்துக்கு 51, உயரத்துக்கு 60. எல்லாப் படத்திலும் ஒரே ‘பூம்’ கேட்பதற்குக் காரணம் இந்த மூன்றும்தான். உங்கள் அறையையும் இப்படி அளந்து எண்களை எழுதி வையுங்கள், பின்னால் கிராப்பில் அவையே மலைபோல எழுந்து நிற்கும்.

சோபா பின்சுவரோடு ஒட்டியிருந்தால் இந்தச் சுருதிகள் உச்சத்தில் கேட்கும். அறையின் சரிநடுவில் போட்டால் 41 காணாமல் போகும். பின்சுவரிலிருந்து 50, 60 செண்டிமீட்டர் முன்னே தள்ளினாலே வித்தியாசம் தெரியும்.

ஒரே சப் என்றால் பழைய வழியே சிறந்தது. சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்திலேயே வைத்து, 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஓசையை ஓடவிட்டு, தரையோடு தரையாக ஊர்ந்து போய்க் கேளுங்கள். சப் நிற்கக்கூடிய ஒவ்வொரு இடத்திலும் காதைத் தரைக்கு அருகே வைக்க வேண்டும். எங்கே எல்லாச் சுருதியும் சமமாகக் கேட்கிறதோ அங்கே சப், அதன் இடத்தில் நீங்கள். சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி வைக்காதீர்கள். அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் அலை 87 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நேரடி அலையை அழித்துவிடும்.

கைவசம் இன்னொரு டிரைவருக்குப் பணம் இருந்தால், ஒரு பெரிய சப்பைவிட அதே மாதிரி இரண்டு சப் செய்வதே மேல். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் வெளியிட்ட ஆய்வு எதிரெதிர்ச் சுவர்களின் நடுப்புள்ளிகளைப் பரிந்துரைக்கிறது, காரணமும் எளிது. முன்சுவர் நடுவில் ஒன்று, பின்சுவர் நடுவில் ஒன்று வைத்தால், 41 ஹெர்ட்ஸை ஒன்று தள்ளும்போது மற்றது எதிர்த்துத் தள்ளி அடக்கிவிடும். அகலத்தின் நடுவில் இரண்டும் நிற்பதால் 51-ஐ அவை எழுப்புவதே இல்லை. பின்சுவர் நடுவில் கதவு இருந்தால் எதிரெதிர் மூலைகளில் வையுங்கள், அதுவும் நன்றே.

முன் ஸ்பீக்கரோடு சேர்ப்பது

ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் எல்லா ஸ்பீக்கரையும் ‘ஸ்மால்’ ஆக்கி, தாழ்ந்த ஓசையைச் சப்புக்கும் மற்றதை ஸ்பீக்கருக்கும் பிரிக்கும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். சப் ஆம்பின் பின்னாலுள்ள கிராஸ்ஓவர் குமிழை முழுக்கத் திருகி உச்சத்தில் விடுங்கள். அதையும் 80-இல் வைத்தால் இரண்டு வடிகட்டி ஒன்றன்மேல் ஒன்றாகி 60 முதல் 100 வரை பள்ளம் விழும். தாளக் கருவிகள் சோடைபோவது இதனால்தான்.

அடுத்தது நேரம். 80 ஹெர்ட்ஸ் ஓசையை முன் ஸ்பீக்கர்களிலும் சப்பிலும் சேர்த்து ஓடவிட்டு, சப்பின் ஃபேஸை 180-க்கு மாற்றுங்கள் (கூம்பு அசையும் திசை தலைகீழாகும்). ரிசீவரில் சப்பின் தூரத்தை 10 செண்டிமீட்டர் வீதம் மாற்றிக்கொண்டே போய், இருக்கையில் ஓசை மிகமிகக் குறையும் எண்ணைப் பிடியுங்கள். பிறகு ஃபேஸை 0-க்குத் திருப்புங்கள். கூடுவதைவிடக் குறைவது காதுக்குத் துல்லியமாகத் தெரியும் என்பதால் இந்தத் தலைகீழ் வழி. ரிசீவர் தானாக அளந்து தந்த எண்ணுக்கு அருகிலேயே தேடுங்கள், 4 மீட்டர் தள்ளி இன்னொரு பொய்யான இடமும் அகப்படும். அளவு டேப்பில் 3 மீட்டர் இருக்கும் சப்புக்கு ரிசீவர் 5 மீட்டர் என்று காட்டினால் பிழையென்று திருத்த வேண்டாம். டிஎஸ்பி (ஓசையை எண்களாக்கிச் சீராக்கும் சில்லு) உள்ள ஆம்ப் சில மில்லி விநாடி தாமதிக்கும், ஒரு மில்லி விநாடி 35 செண்டிமீட்டருக்குச் சமம்.

காதால் சரிபார்க்க உறுமி மேளப் பதிவு ஒன்று போதும். அடியும் உறுமலும் திரையிலிருந்தே வர வேண்டும். உறுமல் மட்டும் அறை மூலையிலிருந்து வந்தால் கிராஸ்ஓவர் அதிகம், அல்லது சப்பின் சத்தம் அதிகம்.

அளந்து வெட்டுவது

யூமிக்-1 போன்ற யூஎஸ்பி மைக்கும், இலவசமான ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும் இருந்தால் ஊகிக்கும் வேலையே இல்லை. மைக் காதின் உயரத்தில், கூரையைப் பார்த்து, அந்த மைக்குக்கான 90 டிகிரி திருத்தக் கோப்போடு. 15 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஓசை, சுமார் 75 டெசிபலில். காத்தாடியை நிறுத்துங்கள், மைக்கில் படும் காற்றே 20 ஹெர்ட்ஸ் பாஸ் போலக் கிராப்பில் விழும்.

மேடுகளை மட்டும் வெட்டுங்கள். 41-இல் 9 டெசிபல் மேடு என்றால் ஈக்வலைசரில் அதே இடத்தில் கியூ (வெட்டின் குறுகல்) 5, 8 டெசிபல் வெட்டு. மேடு இறங்குவதோடு இழுவையும் குறுகும். பள்ளத்தை நிரப்ப ஆசைப்படாதீர்கள். அங்கே அலை அலையை அழிக்கிறது, நீங்கள் கூட்டினால் இரண்டும் கூடி மறுபடி அழியும். 10 டெசிபல் கூட்டுவது ஆம்பிடம் பத்து மடங்கு வாட் கேட்பது. 30 வாட் போன இடத்தில் 300 போகும், காயில்தான் சூடாகும். பள்ளம் இருந்தால் சப்பையோ சோபாவையோ நகர்த்துங்கள். முடிவில் கிராப் தட்டையாக இருக்க வேண்டியதில்லை, 100 ஹெர்ட்ஸைவிட 30-இல் 4, 5 டெசிபல் உயர்ந்திருந்தால் படம் நிறைவாகக் கேட்கும்.

எல்லாம் முடிந்தபின் 20-இலிருந்து 100 வரை மெதுவாக ஓடவிட்டு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். நாக்கோ ஜன்னலின் அடுக்குக் கண்ணாடி, ஜன்னல் கிரில், கூரை விளக்கு, சாமிப் படச் சட்டம் எல்லாம் தத்தம் சுருதியில் கடகடக்கும். சட்டங்களுக்குப் பின்னால் ஃபெல்ட் துண்டு, கண்ணாடிக்கு ரப்பர் பட்டை. இடைவிடாத ஹம் ஒலி வந்தால் சப்பின் ஆர்சிஏ கேபிளைப் பிடுங்குங்கள். நின்றால் எர்த் சுழற்சி, அதாவது கருவிகளுக்கிடையே எர்த் வழியாக மின்னோட்டம் சுற்றுகிறது. டிவி டிஷ் கேபிளைக் கழற்றிப் பார்த்தால் பல சமயம் அதுவே காரணமாக இருக்கும். எல்லாக் கருவியையும் ஒரே சாக்கெட்டிலிருந்து எடுப்பதும், சப் கேபிளில் ஐசலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுவதும் தீர்வு. பிளக்கின் எர்த் காலை ஒருபோதும் வெட்டாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

கொண்டோவிலும் பிளாட்டிலும் பக்கத்து வீட்டுக்குப் போகும் பாஸைச் சப்பின் அடியில் வைக்கும் பஞ்சு தடுக்காது, அது தரை அதிர்வை மட்டும் குறைக்கும். அங்கே சப்பைச் சோபாவின் முதுகுக்குப் பின்னால் 30 செண்டிமீட்டரில் வைத்து, சத்தத்தை 6 டெசிபல் குறையுங்கள். உங்களுக்கு அதே அளவு கேட்கும், சுவருக்கு அப்பால் குறைவாகப் போகும். இடம் மாறியதால் ரிசீவரில் தூரத்தையும் மறுபடி பிடிக்க வேண்டும்.