தொழில் ஆசையை உங்கள் இயல்போடு பொருத்திப் பார்க்கும் முறை

படிக்கும்போதே சொந்தத் தொழில் பற்றி யோசிக்கும் மாணவர், அந்த ஆசை தம்முடைய எந்த இயல்பிலிருந்து எழுகிறது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஆசையை எழுப்பும் குணமே தொழிலை நிலைநிறுத்தும் என்று சொல்ல முடியாது.

உளவியலார் ஆளுமையை ஐந்து கூறுகளாகப் பகுப்பர்: புதியதை நாடும் மனம், பொறுப்போடு முறையாகச் செய்யும் பழக்கம், கலகலப்பு, இணங்கிப்போகும் தன்மை, எளிதில் கலங்கும் தன்மை. ஜாவ், சைபர்ட், லம்ப்கின் ஆகியோர் பல ஆய்வுகளைத் திரட்டி 2010இல் வெளியிட்ட கட்டுரையில், முதலிரண்டும் தொழில் தொடங்கும் எண்ணத்தோடும் தொழிலின் செயல்திறனோடும் தொடர்புடையவை என்று கண்டனர். துணிந்து இறங்கும் குணமோ எண்ணத்தோடு மட்டுமே தொடர்பு காட்டியது. துணிச்சலையே தகுதியாகப் போற்றும் கல்லூரி மேடைப் பேச்சுகளுக்கு நடுவே இந்த முடிவு நினைவில் இருக்கட்டும்.

இந்தக் குணங்களை அளக்கும் வினாத்தாளை நீங்களே நிரப்பினால் உங்களுக்குப் பிடித்த விடைதான் வரும். ஆகவே அறைத்தோழர் ஒருவரையும் வீட்டார் ஒருவரையும் உங்களைப் பற்றித் தனித்தனியே நிரப்பச் சொல்லுங்கள். ஜவ்வரிசி ஆலையோ கொலுசுப் பட்டறையோ நடத்தும் குடும்பத்தில் பிறந்தவருக்கு ஆர்வம் பழக்கத்தாலும் வந்திருக்கலாம். அது குறையன்று, ஆனால் இயல்போடு சேர்த்து எண்ணக் கூடாது.

அடுத்து, ஒரு கல்விப் பருவம் முழுவதும் சிறு முதலீட்டில் எதையாவது விற்றுப் பாருங்கள். ஏற்காட்டு மிளகையோ காப்பித்தூளையோ வாங்கி அக்கம்பக்கத்தில் விற்றால் போதும். இலாபத்தைவிட, கணக்கு நோட்டை அன்றன்றைக்கு எழுதினீர்களா, தெரிந்தவரிடம் பாக்கியைக் கூச்சமின்றிக் கேட்டீர்களா என்பவற்றையே கவனியுங்கள். சரக்கு தேங்கியபோது 'நேரம் சரியில்லை' என்று விட்டுவிட்டீர்களா, அல்லது விலையையும் தரத்தையும் திரும்பப் பார்த்தீர்களா என்பதும் முக்கியம். விளைவு நம் கையில் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்ற இந்த நம்பிக்கையை அளக்க ஜூலியன் ராட்டர் 1966இலேயே ஓர் அளவுகோலை வெளியிட்டார்.

தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போதும் இயல்பைப் பாருங்கள். வெள்ளி விலை நாள்தோறும் மாறுவதால், எளிதில் கலங்குபவருக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு வியாபாரம் தூக்கத்தைக் கெடுக்கும். அராபிகா காப்பிச் செடி பலன் தர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும் என்பதால், மாதாமாதம் புதியதைத் தேடுபவருக்கு ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைத் தோட்டம் சலிப்பூட்டும்.

குறைவான குணத்தை ஒரு பருவத்தில் வளர்த்துவிட முடியாது. அது உள்ளவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, கொள்முதல் யாருடையது, கணக்கு யாருடையது, பாக்கி வசூல் யாருடையது என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.