இன்குபேட்டரில் 1.8 டிகிரி குழப்பம்: என் அனுபவம்

இன்குபேட்டரில் (முட்டை பொரிக்க வைக்கும் பெட்டி) கோழி முட்டைக்கு 99.5 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும். சூட்டைக் கட்டுப்படுத்தும் என் கண்ட்ரோலரில் செல்சியஸ் மட்டும்தான். 32 கழித்து 1.8-ஆல் வகுத்து 37.5 வைத்தேன். உள்ளே வைத்த தெர்மாமீட்டரோ 97.7 ஃபாரன்ஹீட் காட்டியது. 1.8 குறைகிறதே என்று கண்ட்ரோலரின் திருத்த அமைப்பில் (சென்சார் அளவோடு கூட்டப்படும் எண்) -1.8 போட்டேன்; அளவு குறைவாகத் தெரிந்தால் அது இன்னும் சூடாக்கும். சூடு 100.9-க்கு ஏறிவிட்டது!

சென்சாரை முட்டை மட்டத்துக்கு இறக்கினேன், சூடு தரும் பல்பை மாற்றினேன், புது சென்சாரும் வாங்கிப் போட்டேன். நாலு நாள் போனதுதான் மிச்சம்.

அப்புறம்தான் பிடிபட்டது. அந்த 1.8 ஃபாரன்ஹீட் வித்தியாசம்; திருத்தமோ செல்சியஸில். வித்தியாசத்தை மாற்றும்போது 32-ஐத் தொடவே கூடாது (தொட்டால் -16.8 வரும்), 1.8-ஆல் வகுத்தாலே போதும். ஆக, வெறும் 1 டிகிரி. -1.0 வைத்தேன், 99.5-ல் நின்றது. நிம்மதியாக அன்று இரவே முட்டைகளை அடுக்கிவிட்டேன்.