ஜிபிஎஸ் டிராக்டரில் சோதனைப் பாத்தி விதைப்பது எப்படி

அயோவாவில் ஏப்ரல் கடைசியில் மண்ணின் சூடு 10 டிகிரியைத் தாண்டியதும் எங்கள் வேலை தொடங்கிவிடும். மக்காச்சோள ரகச் சோதனை. ஒரு பாத்திக்கு நாலு வரிசை, வரிசைக்கு வரிசை 30 அங்குலம், ஆக 10 அடி அகலம். நீளம் 17 அடி, அப்புறம் 3 அடி ஊடுவழி, அதைத் தாண்டினால் வேறு ரகம். முன்பு வயல் நெடுக முடிச்சுக் கம்பி கட்டுவார்கள். முடிச்சு இடிக்கும் இடத்தில் விதை மாறும். இப்போது அந்த முடிச்சின் வேலையைச் செயற்கைக்கோள் செய்கிறது.

புதிதாக வருகிறவர்கள் கோடு நேராகப் போகிறதா என்றே திரையைப் பார்க்கிறார்கள். அதைத் தானாகத் திரும்பும் ஸ்டீயரிங் பார்த்துக்கொள்ளும். நீங்கள் பார்க்க வேண்டியது, பாத்தி சரியான இடத்தில் தொடங்குகிறதா என்பதை.

முதலில் பேஸ் ஸ்டேஷன், அதாவது வயலோரம் முக்காலியில் அசையாமல் நின்று டிராக்டருக்குத் திருத்தம் அனுப்பும் ஜிபிஎஸ் கருவி. ஆர்டிகே எனப்படும் அந்த உடனடித் திருத்தம் இருந்தால் 2, 3 சென்டிமீட்டருக்குள் துல்லியம் கிடைக்கும். ஆனால் பேஸ் தன் இடத்தைச் சரியாகச் சொன்னால்தான். என் முதல் வருடம் மழைக்குப் பயந்து சாயங்காலம் முக்காலியைக் கழற்றினேன். காலையில் ஏறக்குறைய அதே இடத்தில் வைத்து, தன் இடத்தைத் தானே கணிக்க விட்டேன். திரையில் எல்லாம் பச்சை. ஆனால் டிராக்டர் நேற்றைய வரிசையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி நின்றது. அன்று முதல் தரையில் இரும்புக் கம்பி அடித்து, அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களை நோட்டில் எழுதி, ஒவ்வொரு முறையும் அதே எண்களையே கொடுக்கிறேன். திரையில் 'ஃபிக்ஸ்' (முழுத் துல்லியம்) போய் 'ஃப்ளோட்' (துல்லியம் குறைந்த நிலை) வந்தால் உடனே வண்டியை நிறுத்துங்கள்.

அடுத்தது ஆன்டெனா. அது கூரைமேல் இருக்கிறது, விதை விழுவதோ பல அடி பின்னால். அந்தத் தூரத்தை டேப் வைத்து அளந்து திரையில் கொடுங்கள். அதோடு முடியவில்லை. விதை குழாயில் இறங்கி மண்ணைத் தொடச் சற்று நேரம் ஆகும், அதற்குள் வண்டி நகர்ந்துவிடும். போகும்போது ஓர் அடி தள்ளி விழுந்தால், திரும்பி வரும்போது எதிர்ப்பக்கம் ஓர் அடி தள்ளி விழும். பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளுக்கு இடையே இரண்டு அடி வித்தியாசம். 3 அடி ஊடுவழி என்ன ஆகும்?

இதற்கு நான் நம்புவது கத்தியைத்தான். வயல் ஓரத்தில் குறுக்கே ஒரு கயிறு கட்டி, அதுதான் பாத்தி எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விதைக்கும் அதே வேகத்தில் ஒருமுறை போய், பக்கத்திலேயே திரும்பி வாருங்கள். மண்ணைக் கிளறி, எல்லையை ஒட்டி விழுந்த விதைகளைக் கண்டுபிடித்து, இரண்டு பக்கமும் உள்ள வித்தியாசத்தை அளந்து பாதியாக்குங்கள். அதுதான் திருத்தம். மாற்றிவிட்டு மறுபடி தோண்டிப் பாருங்கள். வேகத்தை மாற்றினால் இதையும் மறுபடி செய்ய வேண்டும்.

இரண்டு சுற்றுகள் சேரும் இடத்தில் வரிசை இடைவெளி 30 அங்குலம்தானா என்றும் அளந்து பாருங்கள். கூடினாலோ குறைந்தாலோ விதைப்புக் கருவி பக்கவாட்டில் ஆடுகிறது. இணைப்புச் சங்கிலியை இறுக்குங்கள்.

கடைசியாக, ஏ-பி கோட்டை, அதாவது டிராக்டர் பின்பற்றிய அந்த வழிகாட்டிக் கோட்டை, வயல் பெயரும் வருடமும் போட்டுச் சேமியுங்கள். ஜூனில் ஊடுவழி வெட்ட வருகிறவர் உங்களிடம் அதைத்தான் கேட்பார்.